ஒரே அணி, மூன்று நிறம்

எங்கள் கம்பெனி டெவ்ஆப்ஸ் முறைக்கு மாறிய முதல் நாள், எல்லாருக்கும் டீ-சட்டை கொடுத்தார்கள். நெஞ்சில் 'நாம் ஒரே அணி' என்று எழுதியிருந்தது. புரோகிராம் எழுதுகிற டெவலப்பர்களுக்கு நீலம். அதை ஓட்டிப் பராமரிக்கிற ஆப்பரேஷன்ஸ்காரர்களான எங்களுக்குப் பச்சை. புதிதாகத் தொடங்கிய டெவ்ஆப்ஸ் அணிக்குக் கறுப்பு. ஒரே அணிக்கு எதற்கு மூன்று நிறம் என்று யாரும் கேட்கவில்லை. சட்டை இலவசம்.

தேயிலைத் தோட்டங்களுக்கு சாப்ட்வேர் செய்து தருவது எங்கள் தொழில். டெவலப்பர்கள் கோலாலம்பூரில், நான் தோட்டங்கள் இருக்கும் மலையில், தானா ராத்தா கிளையில். வருடக்கணக்கில் இரு தரப்பும் பேசிக்கொண்டது புகார் வழியாகத்தான். சேர்ந்து எழுதி, சேர்ந்து ஓட்டி, கெட்டால் சேர்ந்து பொறுப்பேற்பதுதான் டெவ்ஆப்ஸ். எங்கள் டைரக்டர் ராஜேந்திரன் ஒரு கருத்தரங்குக்குப் போய் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு வந்தார். பேசிக்கொள்ளாத இருவருக்கு நடுவே மூன்றாவதாக ஒருவரை உட்கார வைத்தார். புதிய வெர்ஷனை ரிலீஸ் செய்யும் உரிமை இனி கறுப்புச் சட்டைக்கு மட்டும். கெட்டுப்போனால் போன் வருவது பச்சைச் சட்டைக்கு.

"போன் எங்ககிட்ட, சாவி அவங்ககிட்டயா சார்?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பேர்தான் கொலாபரேஷன், சாந்தி," என்றார்.

எடைக் கொட்டகை

ஒரு நாள் முற்பகல், டேப்லெட் மாற்றுவதற்காக ஒரு தோட்டத்தின் எடைக் கொட்டகையில் இருந்தேன். கொழுந்து மூட்டையைத் தராசில் மாட்டினால், எடை, பறித்தவரின் பெயரில் டேப்லெட்டில் ஏறும். கோலாலம்பூரில் காலை பசியாறி முடித்த தெம்பில் புதிய வெர்ஷனை விட்டார்கள். அதன்பின் யார் மூட்டையை மாட்டினாலும் டேப்லெட்டில் பூஜ்யம்.

தாளில் எழுதிக்கொள்ளலாம் என்றார் கங்காணி செல்வம். முன்பு ஒருமுறை லைன் இல்லாதபோது தாளில் எழுதிய எடை சம்பளத்தில் ஏறவே இல்லை. அதனால் வரிசையில் முன்னால் நின்ற பார்வதி அக்கா மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நம்பர் ஏறட்டும். அப்புறம் லோரியில கொட்டுறேன் லா," என்றார்.

அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அமுங்கிக் கிடக்கும் கொழுந்து உள்ளுக்குள் சூடாகிச் சிவந்துவிடும். அப்புறம் அது தேயிலை ஆகாது.

டெவ்ஆப்ஸ் அணியைக் கூப்பிட்டேன். அவர்கள் திரையில் எல்லாம் பச்சையாக, கோளாறே இல்லை என்று காட்டுகிறதாம்; கோளாறு என்றால் டெவலப்பரைக் கேட்க வேண்டுமாம். டெவலப்பர் பிரிவிலோ, டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, இல்லாமல் பேசக்கூடாது என்றார்கள். டிக்கெட் போட்டேன். உடனே பதில் வந்தது: உங்கள் டிக்கெட் ஆப்பரேஷன்ஸ் பிரிவுக்கு ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதாவது, எனக்கு.

எடைப் பகுதியை எழுதியவன் தினேஷ் என்று தெரியும். நேரே கூப்பிடுவது விதிக்கு விரோதம். கூப்பிட்டேன். வீடியோவில் தராசைக் காட்டியதும் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தான்.

"இந்த மாடல் தராசு இன்னும் ஓடுதாக்கா? எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் புதுசு. அதுலதான் டெஸ்ட் பண்ணேன்."

திருத்த நேரம் பிடிக்கும் என்றான். லைனைத் துண்டிக்காமலே கறுப்புச் சட்டைக்காரர்களின் மேசைக்கு நடந்து போனான். அவன் பேசியது எனக்குக் கேட்டது.

"டிக்கெட் அப்புறம் போடுறேன். இப்பப் பழைய வெர்ஷனைப் போடுங்க. அங்க ஆளுங்க மூட்டையோட நிக்கிறாங்க."

பழைய வெர்ஷன் திரும்பியது. எடை ஏறியது. முதலில் வந்த மூட்டைகளின் அடியில் இருந்த கொழுந்து மட்டும் சிவந்துவிட்டது. அதைத் தனியே கொட்டச் சொன்னார் கங்காணி. காலையிலிருந்து பறித்தது சரிவில் விழுவதைப் பார்வதி அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

விசாரணை

மறுவாரம் கோலாலம்பூரில் விசாரணை. தராசு ஏன் நின்றது என்று டைரக்டர் கேட்கவில்லை. நான் ஏன் முறையை மீறினேன் என்று கேட்டார். என்னை வேறு பிரிவுக்கு மாற்றுவது பற்றியும் பேச்சு வந்தது. அப்போது தினேஷ் எழுந்தான்.

"அவங்க கூப்பிடலன்னா நான் எழுதினது கெட்டுப்போனதே எனக்குத் தெரிஞ்சிருக்காது சார். என்னையும் ஆன்-காலில் போடுங்க, கெட்டா போன் எனக்கும் வரட்டும்."

கழிப்பறை கழுவ முன்வந்தவனைப் பார்ப்பதுபோல மற்ற நீலச் சட்டைகள் அவனைப் பார்த்தன.

எங்கள் பேச்சு டைரக்டரை அசைத்தது என்று சொல்ல ஆசைதான். அசைத்தது தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் போன். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு சாப்ட்வேர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கறுப்பு அணி கலைந்தது. எடைக்கு ஓர் அணி, ஃபேக்டரிக்கு ஓர் அணி. ஒவ்வொன்றிலும் எழுதுகிறவர், ஓட்டுகிறவர் இருவரும். ரிலீஸ் உரிமையும் ஆன்-கால் முறையும் அவர்களுக்கே. கறுப்புச் சட்டையில் மிஞ்சிய சிலர் எல்லா அணிகளுக்கும் வேண்டிய கருவிகளைச் செய்து தந்தார்கள். இது தன் நீண்ட நாள் கனவு என்று டைரக்டர் அடுத்த கருத்தரங்கில் பேசினார். கைதட்டினோம்.

தினேஷ் மலைக்கு வந்து ஒரு வாரம் எடைக் கொட்டகையில் நின்றான். குளிரில் நடுங்கிக்கொண்டே பழைய தராசில் டெஸ்ட் செய்தான். எடை போடும் நேரத்தில் ரிலீஸ் கூடாது என்ற விதியை அவனே எழுதினான்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இன்டர்வியூவில் அணியின் பெயரைக் கேட்காதீர்கள். நீங்கள் செய்தது கெட்டுப்போனால் உங்களுக்கு யார் சொல்வார்கள் என்று கேளுங்கள். ஒரு மனிதரின் பெயரைச் சொன்னால் சேருங்கள். எந்தப் பிரிவு எதற்குக் கீழே என்று படம் வரைந்து விளக்கத் தொடங்கினால், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.