கை மாறிய புத்தகங்கள்

அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பால் சங்கத்தின் பின்னறையில் காலி கேன்கள் உருண்டு கிடந்தன. ஊரார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை அப்புறப்படுத்தி, அறையைக் கழுவி வெள்ளையடித்தார்கள். தச்சர் பழைய கதவுப் பலகைகளை அறுத்து ஐந்தடுக்கு அலமாரி செய்தார். அங்கே ஒரு கிளை தொடங்க நகரத்து நூலகம் நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களை அனுப்பியது. சாவி தையலக்காவிடம் வந்தது. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். தையல் இயந்திரத்தையும் அங்கேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டாள்.

பிள்ளைகளின் வீடுகள் சிதறிக் கிடந்தன. கடைசி வீடு இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம். ஒரு பிள்ளை திருப்பித் தர நடப்பதும், அதையே எடுக்க இன்னொரு பிள்ளை நடப்பதும் அவளுக்கு வீண் அலைச்சலாகப் பட்டது.

“முடிச்சா பக்கத்து வீட்டுல குடுத்துடு கண்ணு. கிழியாம பாத்துக்க,” என்று சொல்லிவிட்டாள்.

முதலில் எடுத்த பிள்ளையின் பெயர் மட்டும் பதிவேட்டில் ஏறியது. அதன்பின் புத்தகம் எந்த வீட்டில் இருக்கிறது என்பது பதிவேட்டுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

மார்ச் பதினான்காம் தேதி வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நூலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். துணி வெட்டும் மேசையில் பதிவேட்டை விரித்து விரலால் எண்ணினார். வருடத்துக்கு அறுநூறு இரவலாவது இருந்தால்தான் கிளை நிற்கும். அந்த வருடக் கணக்கில் இருந்தது எண்பத்தேழு.

தையலக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அலமாரியைப் பார்த்தார். அட்டைகள் நைந்திருந்தன. முதுகு பிரிந்தவற்றைச் சட்டைக்குப் போடும் நூலால் அவளே தைத்து வைத்திருந்தாள். இதைப் பார்த்தாவது மனுஷனுக்குப் புரியும் என்று நினைத்தாள். அவர் ‘சேதம்: நூற்று முப்பத்தொன்பது’ என்று எழுதிக்கொண்டார்.

“படிக்காமலா சார் இப்படி நையும்?”

“எனக்குப் புரியுதும்மா. ஆனா மேல போறது இந்த நோட்டுதான். நீங்களும் போக மாட்டீங்க, நானும் போக மாட்டேன்.”

கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார். விட்டுப்போன பெயர்களை நுழைக்கலாமா என்று தையலக்கா பிறகு பார்த்தபோது, வரிகளுக்கு நடுவில் எறும்பு நுழைய இடமில்லை.

“பாலுல தண்ணி ஊத்திட்டு எழுதாதவனைப் பாத்திருக்கேன். படிச்சதை எழுதாதவ நீதான்மா,” என்றார் சங்கச் செயலாளர். சிரிப்பு அவருக்கே வரவில்லை. நாற்பத்தாறு பேர் மனு எழுதிக் கொடுத்தார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலும், புத்தகங்களை இருபத்தெட்டாம் தேதி ஒப்படைக்கச் சொன்ன கடிதமும் ஒரே தபாலில் வந்தன.

வீடுகளில் ஐம்பத்தெட்டு இருந்தன. அவற்றைத் தேடித் தையலக்கா ஆறு நாள் நடந்தாள். முதல் வீடு இரண்டாவது வீட்டைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது. ஒரு புத்தகம் மட்டும் ஒன்பது வீடு ஏறி இறங்கியிருந்தது. துணிக்கு அளவு குறிக்கும் நோட்டில், புத்தகம் மாறிப்போன ஒவ்வொரு கையையும் எழுதினாள். இந்த ஐம்பத்தெட்டுக்கு மட்டும் இருநூற்றுப் பதினொரு பெயர் சேர்ந்தது. இருபத்தெட்டாம் தேதி புத்தகங்களை ஏற்ற வந்த நூலக வேன் ஓட்டுநரிடம் அந்த நோட்டை நீட்டினாள்.

“இதை என்கிட்ட யாரும் கேக்கலையேக்கா. புத்தகத்தை எண்ணி ஏத்தச் சொன்னாங்க, அவ்வளவுதான்,” என்று அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எண்ணியதில் நானூற்றுப் பதினொன்று இருந்தது. ஒன்றின் தடம் ஏழாவது வீட்டோடு அறுந்துவிட்டிருந்தது. ‘தொலைந்தது: ஒன்று’ என்பதற்கு நேராக அவள் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து அக்காவும் தங்கையுமாக இரண்டு சிறுமிகள் வந்தார்கள். முழங்கால் வரை நனைந்திருந்தார்கள். தொலைந்த புத்தகம் ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தது.

“எங்களுக்கு அப்புறம் வீடு இல்லக்கா. அதான் இங்கயே கொண்டு வந்தோம். அடுத்தது குடுங்க.”

தையலக்கா அலமாரியின் ஐந்து தட்டுகளையும் ஒருமுறை பார்த்தாள்.

“வேற இல்ல கண்ணு.”

சின்னவள் அந்தப் புத்தகத்தையே மறுபடி படிக்கலாமா என்று கேட்டாள். அது இனி ஊருடையது இல்லை என்பதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தையலக்காவுக்குத் தெரியவில்லை. மதியம் வரை அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகச் சொன்னாள். படித்துவிட்டு, வந்த வழியே நடந்து போனார்கள்.

திங்கட்கிழமை செயலாளர் அதை நகரத்தில் ஒப்படைத்தார். ரசீது அளவு நோட்டில் ஒட்டியிருக்கிறது.