பார்க்காதீங்க, படம் எடுக்கிறேன்

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் மூன்று பேர்தான்: சமையல்காரர், பெண்ணுடைய அப்பா, போட்டோ எடுக்கிறவர். ஆறிப்போன சாம்பாரை ஊற்றிக்கொள்ளும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ப்ளஸ் டூவோடு போதும் என்று தஞ்சாவூரில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் பண்ண உட்கார்ந்தவள் நான். ஊரார் கன்னத்துப் பருவைக் கம்ப்யூட்டரில் அழித்து அழித்து அலுத்துப்போச்சு. கேமரா கொடுங்கள் என்று நச்சரித்ததில் முதலாளி முருகையன் அண்ணன் மூன்று கல்யாணம் கொடுத்தார். வழக்கமான படங்கள் அவருடையவை. ஆட்கள் அசந்திருக்கும்போது எடுக்கிற கேண்டிட் என்னுடையது. தேறாவிட்டால் திரும்பவும் பருதான்.

அப்பா நின்றுவிட்டார்

வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு சின்ன மாதா கோயில். அப்பா மகளைக் கைபிடித்துப் பீடத்துக்கு அழைத்து வர, நான் எதிரே பின்னோக்கி நடந்தபடி எடுத்தேன். லென்ஸைப் பார்த்ததும் மனிதர் பாதி வழியில் அட்டென்ஷனில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சொந்தக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ள, பாடகர் குழு முடித்த பாட்டை மறுபடி ஆரம்பித்தது. என்னைப் பார்க்காதீங்க என்று கெஞ்சியும் ஒரு படம் தேறலை. வெளியே வந்ததும் அவர் நியாயம் கேட்டார்: "மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டு பாக்காதேன்னா, நான் வேற யாரைம்மா பாக்கறது?"

முகம் வேண்டாம்

கூத்தாநல்லூரில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளை ஆண்களோடு மண்டபத்தில். பெண் வீட்டுக்குள், பெண்களோடு. முருகையன் அண்ணன் உள்ளே வர முடியாது, நான் மட்டும்தான். குஷியாகப் போனால், மணப்பெண் நஸ்ரின், தன் முகத்தை எடுக்கக்கூடாது என்றுவிட்டாள். முகமில்லாமல் என்னத்தை எடுக்க? எரிச்சலோடு சுவர் ஓரம் நின்றேன்.

அவள் அப்பா, அவளுக்கு அத்தா, இரண்டு சாட்சிகளோடு கல்யாணப் பதிவேட்டைக் கொண்டுவந்து, சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்று பேனாவை வாங்கியவள் உடனே கையெழுத்துப் போடவில்லை. மருதாணி விரலில் பேனா உருண்டுகொண்டிருந்தது. இன்னொரு கை அத்தாவின் சட்டையைப் பிடித்திருந்தது. அந்த இரண்டு கையையும் எடுத்தேன். காட்டியபோது பெரிதாக்கிப் பார்த்தாள். "முகமே இல்ல, ஆனா நாந்தான்னு தெரியுது. அத்தாவுக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

நாத்தனாரின் நகம்

ஒரு நல்ல படத்தை வைத்துக்கொண்டு ஆல்பம் போட முடியாது. மூன்றாவது கல்யாணத்தில் தாலி கட்டுகிற படத்தைக் கேண்டிட்டில் தவறவிட்டால் கம்ப்யூட்டருக்கே போய்விடு என்று அண்ணன் காலையிலேயே சொல்லிவிட்டார். ஒரத்தநாட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை பறந்தது. மொபைலைத் தூக்கிப் பிடித்த ஒரு மாமா இடித்துத் தள்ளியதில் மணப்பெண்ணுக்குப் பின்னால் போய் விழுந்தேன். தாலியும் தெரியலை, மாப்பிள்ளை முகமும் தெரியலை. போச்சு.

முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டார். மீதி இரண்டைப் போட வந்த அவர் தங்கை, நீளநீளமான ஒட்டு நகத்தோடு சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தாள். கயிறு பிடிபடவில்லை. ஒரு நகம் பிய்ந்து முடிச்சுக்குள் மாட்டிக்கொண்டது. அசையாதீங்க அண்ணி, நகம் உள்ளே போயிடுச்சு என்று அவள் கிசுகிசுக்க, மணப்பெண் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நாத்தனார் குனிந்து பல்லால் நகத்தை இழுத்தாள். எடுத்தேன்.

முகூர்த்தம் முடிந்ததும் அண்ணன் கேமராவில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, தாலி எங்கே என்றார். இல்லை என்றேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதற்குள் மணப்பெண் எட்டிப் பார்த்துக் கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். தன் கழுத்துக்குப் பின்னால் நடந்ததை அவள் எங்கே பார்த்தாள்? நாத்தனாரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு, ஆல்பத்தில் இதுதான் முதல் பக்கம் என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தார். "அடுத்த முகூர்த்தத்துல முன்னாடி நான் நின்னுக்கறேன். நீ பின்னாடியே நில்லு."

ப்ளஸ் டூ முடித்து எங்கே சேர்ந்திருக்கே என்று கேட்கிறவர்களிடம், மணப்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் என்று உண்மையைத்தான் சொல்கிறேன், ஒருத்தரும் நம்புவதில்லை.