வாப்பாவின் அலுமினியத் தகடு

எங்கள் வாப்பா மீராசா மருதமுனையில் கைத்தறி நெய்தவர். எழுபத்தொன்பதாம் ஆண்டில் அறபு நாட்டுக்குப் போய், ஓர் அலுமினியத் தொழிற்சாலையில் சேர்ந்தார். முதல் விடுமுறையில் வந்தபோது, அங்கே என்ன வேலை என்று உம்மா கேட்டார்.

"உருக்கின அலுமினியத்த ரெண்டு உருளைக்கு நடுவால விடுவம் புள்ள. உருளைக்குள்ள தண்ணி ஓடி அதக் குளிரவைக்கும். மத்தப் பக்கத்தால தகடா வந்துகொண்டே இருக்கும்."

"சும்மா கதைக்காதீங்க" என்று உம்மா சிரித்தார்.

வாப்பா பெட்டியிலிருந்து ஒரு தகட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தார். உருளையில் ஒட்டிக் கிழிந்ததால் கழித்துவிட்ட துண்டு அது. உம்மாவின் விரல் அதன் கிழிந்த ஓரத்தில் நின்றது.

"இது கிழியக்குள்ள நீங்க எங்க நிண்டீங்க?"

"பக்கத்துலதான்."

உம்மா சிரிப்பை நிறுத்தி, வாப்பாவின் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கைக்குக் கீழே, உருகிய உலோகம் தெறித்த தழும்புகள் இருந்தன.

"இத ஏன் எனக்குச் சொல்லல்ல?"

அந்த விடுமுறை முழுக்க, உம்மாதான் அந்தக் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவினார்.

அடுத்த முறை வந்தவர் வாசலிலேயே பெட்டியை வைத்துவிட்டு, இரண்டு சட்டைக் கைகளையும் தானே சுருட்டி உம்மாவிடம் நீட்டினார். எண்பத்தாறில் ஒரேயடியாக ஊர் திரும்பும்வரை, ஒவ்வொரு வரவிலும் அப்படித்தான் செய்தார். உம்மா பார்த்து முடியும்வரை நாங்கள் இனிப்புக்காகக் காத்திருப்போம்.