நேர்ந்துவிட்டவர்கள் ஏலம் கேட்கக் கூடாது

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டேன். ஊர் வாடிப்பட்டிக்குப் பக்கம். நேர்ந்துவிட்ட கிடாயை அங்கே வெட்டுவதில்லை. ஏலம் விட்டுப் பணத்தைக் கோயிலுக்கு எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் எடுத்தவர் பாடு.

ஆள் பிழைத்து வந்தார். கறுப்பில் ஒரு கிடாக்குட்டி வாங்கி, வளரட்டும் என்று நாங்கள் குடியிருக்கும் ஒத்தக்கடை வீட்டுக் கொல்லையில் கட்டினேன். அங்கேதான் தப்பு செய்தேன். கையோடு கோயிலில் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடந்த மனுஷனுக்கு அது துணையாகிப் போனது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். நான் தொண்டை கிழியக் கத்தியும் அசையாதவர், அதைக் கூட்டிக்கொண்டு காலையும் மாலையும் கண்மாய்க்கரை வரை நடந்தார். என்னிடம் ஒரு நாளும் காட்டாத கொஞ்சலெல்லாம் அதனிடம்.

ஏலத்தன்று, "சும்மா பாத்துட்டு வந்துருவோம்" என்று கூடவே கிளம்பினார். நேர்ந்துவிட்ட வீட்டார் ஏலம் கேட்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. கேட்டால், கொடுத்ததைச் சாமியிடமிருந்து பிடுங்கியதாக அர்த்தம். அது அவருக்கும் தெரியும்.

பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் கிடாயின் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டு விலை சொன்னார். ஒரு தரம், ரெண்டு தரம் என்று பூசாரி இழுத்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் இவர் கை மேலே போனது.

"அண்ணே, நீங்க கேக்கக் கூடாதுண்ணே" என்றார் பூசாரி. அவருக்கும் சங்கடம். "அம்புட்டு ஆசைன்னா மதினி ஒரு வார்த்தை சொல்லட்டும். நேந்தது அவுகதானே?"

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. கிடா இவரைப் பார்த்துக் கத்தியது. எனக்கும் அதை விட்டுக்கொடுக்க மனசில்லை, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வராந்தா கண்முன்னால் வந்து நின்றது. இவர் கையைப் பிடித்து இறக்கினேன்.

பூசாரி மூணாவது தரமும் சொல்லி முடித்தார்.

அடுத்த மாதம் செக்கப்பில், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில் இவர் கேட்டார்: "நான் அதை எடுத்திருந்தா இந்நேரம் செத்திருப்பேனாக்கும்?" கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மறுபடி அந்தக் கை மேலே போனாலும் பிடித்து இறக்கத்தான் செய்வேன்.