ஆடியில் என்னைச் சாகடித்தவன்

பெரியபாளையத்தில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ஆடி வந்தால் ஊருக்குள் கால் வைக்க இடமிருக்காது. வேன் வேனாக வந்து இறங்குகிறவர்களுக்கு முன்னறையையும், பொங்கல் வைக்கத் தோட்டத்தையும், வேண்டுதலுக்கு வேப்பஞ்சேலை கட்டும் பெண்களுக்குக் குளிக்க பாத்ரூமையும் வாடகைக்கு விடுவோம். என் மகளின் காலேஜ் படிப்பு அந்த வாடகையில்தான் ஓடியது.

இரண்டு வருஷம் முன்பு ஒரு வேன்கூட எங்கள் வாசலில் நிற்கவில்லை. எதிரே இருந்த லாட்ஜில் மட்டும் கூட்டம் நெரிந்தது. மூன்று ஞாயிறு இப்படியே போக, மனசு கேட்காமல் கோயிலுக்குப் போனேன். வருஷா வருஷம் எங்கள் வீட்டில் தங்கும் கும்மிடிப்பூண்டிக்காரி, வேப்பிலையோடு வலம் வந்தவள், என்னைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினாள்.

“யக்கா, நீ உயிரோட கீறியா? நீ செத்துப்பூட்டேன்னு லாட்ஜ்காரரு சொன்னாரே. தீட்டு ஊட்டுல எப்டி பொங்கல் வைக்கிறதுன்னு அங்கியே எறங்கிட்டோம்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குத்துக்கல்லாட்டம் இருக்கிறவளைப் பாடையில் ஏற்றிவிட்டான், பாவி. வருகிற வேனுக்கெல்லாம் அதையே சொல்லியிருக்கிறான். அந்த வருஷம் மகள் காலேஜை விட்டுவிட்டு கம்பெனி பஸ் ஏறினாள். நான் சண்டைக்குப் போகவில்லை. கத்தித் தீர்த்தால் கோபம் ஆறிவிடும். எனக்கு ஆறக்கூடாது.

அடுத்த ஆடி. முதல் ஞாயிறுக்கு முந்தின நாள், காக்களூரில் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் ஒரு சேதி சொன்னார். மணவாள நகரில் லாட்ஜ்காரனின் சொந்தச் சித்தப்பா செத்துவிட்டார். பாடைக்குத் தோள் கொடுத்ததே இவன்தான். ஆனால் சாயங்காலமே திரும்பி வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, லாட்ஜைத் திறந்து உட்கார்ந்துவிட்டான்.

“உடு, அவனும் பொழைக்கணுமில்ல” என்றார் வீட்டுக்காரர்.

விடுவேனா? விடிந்ததும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். லாட்ஜுக்குத் திரும்பிய ஒவ்வொரு வேனிடமும் போனேன்.

“அது சாவு ஊடும்மா. அவரு சித்தப்பாவ நேத்துதான் எடுத்தாங்க.”

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. லாட்ஜ் வாசலில் நின்ற அவன் முகத்தைப் பார்த்தே உண்மை என்று புரிந்துகொண்டார்கள். பத்து மணிக்குள் என் தோட்டத்தில் ஏழு அடுப்பு எரிந்தது. அத்தனை இனிப்பாக நான் எதையும் அனுபவித்ததில்லை.

மத்தியானம் அவன் தெருவைத் தாண்டி வந்தான்.

“இன்னாக்கா, நீயே இப்டி சொல்லலாமா? சீசனே பூடும்க்கா.”

நாற்காலியை விட்டு நான் எழவில்லை.

“நான்தான் போன ஆடியிலயே செத்துட்டேனே. செத்தவகிட்ட வந்து நாயம் கேக்குறியா?”