அண்ணன் எழுப்பிய ஒரே வினா

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைச் சபையில் முழங்கிய சிங்கம் என்று எழுதச் சொன்னார்கள். நான் சட்டமன்றச் செயலகத்தில் கேள்விப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே முழங்கியவர்கள் யார், மேசையைத் தட்டியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அண்ணன் மேசையைத் தட்டியவர்.

அண்ணன் ஆலங்காயத்தில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி என்னைப் படிக்க வைத்தார். பிறகு தொழிற்சங்கம், பிறகு கட்சி. எழுபதுகளின் பிற்பாதியில் அவருக்குத் தேர்தலில் நிற்க இடம் கிடைத்தது. இரண்டு பெரிய மனிதர்கள் அந்த இடத்துக்காகச் சண்டையிட்டுக்கொண்டதால் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வென்று, ஆளுங்கட்சியின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

மாதனூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் கிணறுகளில் தோல் கழிவு இறங்கித் தண்ணீர் உப்பாகிவிட்டது. டேனரியை மூடச் சொன்னால் அதே ஊருக்குக் கூலி இல்லை. சும்மா இருந்தால் குடிக்கத் தண்ணீர் இல்லை. தொலைவிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் தருவீர்களா என்று அண்ணன் வினாக் கொடுத்தார். தன் கட்சி அமைச்சரிடமே கேட்கிற வினா. திரும்பப் பெறச் சொல்லிக் கட்சியிலிருந்து மூன்று பேர் வந்து போனார்கள். அண்ணன் அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினார்.

நடைமுறை இதுதான். கேள்வி நேரம் ஒரு மணி நேரம். அதற்குள் முறை வராத வினாவுக்கு எழுத்து மூலம் பதில் வைத்துவிடுவார்கள். அதை யாரும் படிப்பதில்லை. அந்தக் கூட்டத்தொடரில் அதே வினாவை மறுபடி கேட்கவும் முடியாது. ஆனால் சபையில் அமைச்சர் வாயால் ஒரு கெடு சொல்லிவிட்டால், அது நிறைவேறும்வரை சபையின் உறுதிமொழிக் குழு விடாது. பட்டியலில் அண்ணனின் வினா கடைசியாக வந்தது. அதற்கு முந்தையது பக்கத்துத் தொகுதியின் எதிர்க்கட்சி உறுப்பினர் ஏகாம்பரத்துடையது. நெசவுக் குடும்பத்துக்காரர், கைத்தறிக்கு நூல் கிடைக்காததைப் பற்றிக் கேட்டிருந்தார்.

வினா வர இருந்ததற்கு முந்தைய நாள் மாலை உறுப்பினர் விடுதி அறைக்கு அவரை அண்ணன் அழைத்திருந்தார். நானும் இருந்தேன்.

"ஏகாம்பரம், நாளைக்கு உன் நம்பரைக் கூப்பிடும்போது நீ சீட்ல இருக்காதய்யா."

"இன்னாது? உன் கட்சிக்காரன் சொல்லி அனுப்பினானா?"

"அவனுக்குத் தெரிஞ்சா என் கதை முடிஞ்சது. நீ எழுந்தா உன் ஆளுங்க வரிசையா துணைக் கேள்வி கேப்பானுங்க. மணி ஆயிடும். என் தண்ணி போச்சு."

"உன் தண்ணிக்காக என் நூலை விடணுமா? நல்லா இருக்குதுய்யா நியாயம்!"

"அடுத்த கூட்டத்துல உன் நூல் கேள்விய நான் கேக்கறேன். ஆளுங்கட்சிக்காரன் கேட்டா மந்திரிக்கு ஜாஸ்தி உறுத்தும்."

"நீயா? நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினா உனக்கு வேர்த்துடும். நீ கேட்டு எங்க ஊருக்கு நூல் வரப்போவுது!"

சரி என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் நான் அலுவலர் பகுதியில் நின்றிருந்தேன். முதல் வினா பேருந்துத் தடம் பற்றியது. அண்ணனின் கட்சி வரிசையிலிருந்தே ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து தங்கள் ஊருக்கும் பேருந்து கேட்டார்கள். பேருந்தில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை இருந்ததை அன்றுதான் அறிந்தேன். இடையிலிருந்த வினாக்களும் முடிந்து, கடிகாரத்தில் நான்கு நிமிடம் மிச்சமிருந்தபோது பேரவைத் தலைவர் ஏகாம்பரத்தின் வினா எண்ணை வாசித்தார்.

இருக்கை காலியாக இருந்தது. இன்னொரு முறை வாசித்தார். கதவுக்கு வெளியே, திரைக்கு அந்தப் பக்கம், ஒரு கரைவேட்டி அசையாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"உறுப்பினர் இல்லை. அடுத்த வினா."

அண்ணன் எழவில்லை. அந்தக் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்த பிறகே எழுந்து தன் வினா எண்ணைச் சொன்னார். பரிசீலனையில் இருப்பதாக அமைச்சர் படித்தார். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

"தலைவர் அவர்களே, எந்த மாசத்துக்குள்ள தண்ணி வரும்னு அமைச்சர் சொல்லணும். அத மட்டும் சொன்னா போதும்."

அமைச்சர் அலுவலர்கள் பக்கம் திரும்பினார். யாரும் சீட்டு நீட்டவில்லை. சபை முழுவதும் அவரையே பார்த்தது. "வரும் கோடைக்குள்," என்றார். மணி அடித்தது.

குழாய் கோடைக்குள் வரவில்லை. குழு துரத்தித் துரத்தி அடுத்த மழைக்கு முன் வந்தது. ஆனால் அண்ணன் வாக்குக் கொடுத்த அடுத்த கூட்டத்தொடர் வரவே இல்லை. சபை கலைக்கப்பட்டது. அண்ணனுக்குக் கட்சி மறுபடி இடம் தரவில்லை. ஏகாம்பரம் நின்று தோற்றார்.

கடைசி நாட்களில் வேலூர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது அண்ணன் வேறு எதையும் பற்றிப் பேசவில்லை. "அவன் நூல் கேள்விய நான் கேக்கவே இல்லடா," என்பார்.

பல மாதம் உடனிருந்து கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த டேனரித் தோழர்களுக்கும், இறுதி ஊர்வலத்துக்கு மாதனூர்ப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஏகாம்பரமும் வந்திருந்தார். அண்ணன் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"அத போய் இத்தினி வருஷம் நெனச்சுக்கினு இருந்தானா?" என்றார். "அன்னிக்கு ஏன் சபையில இல்லைன்னு எங்க ஊர்ல கேட்டாங்க. வயித்து வலின்னு சொன்னேன். நம்பல. மந்திரிகிட்ட விலை போயிட்டான்னு தெருத்தெருவா பேசினாங்க. எலக்‌ஷன்லயும் அதான் ஓடிச்சு."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்கண்ணனைக் கட்சிய விட்டே தூக்கியிருப்பானுங்க."

ஏகாம்பரம் விலை போகவில்லை. அந்தப் பேச்சு இன்னும் எந்தத் தறி வீட்டிலாவது இருக்குமானால், இந்தப் பக்கத்தை அங்கே படித்துக் காட்டுமாறு அண்ணியும் நானும் கேட்டுக்கொள்கிறோம்.