முகமூடிக்காரனின் அக்கா

என் தம்பி பொய் சொல்கிற வீடியோவை என் மகள்தான் எனக்கு அனுப்பினாள். மாமா பெரிய ஆளாகிவிட்டார் பார் என்று கீழே ஒரு வரி வேறு. திருவாடானையில் எங்கள் வீட்டு அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு, போனைப் புளி டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தேன்.

ராமநாதபுரத்தில் அவன் கட்டியிருக்கிற புது வீட்டின் முன்னறை. பின்னால் கண்ணாடி அலமாரி, அதற்குள் நீல விளக்கு. ஐம்பது வயது ஆளுக்கு நெஞ்சில் ஏதோ முத்திரை போட்ட பனியன். "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்து, சின்ன வயதிலிருந்தே தான் ஒரு படக்கதைப் பைத்தியம் என்றான். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தை விரித்துக் காட்டினான். அவன் பெயர், ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு. அஞ்சாப்பு படிக்கிறப்ப என் கையால எழுதினது என்றான்.

அது என் கையெழுத்து.

ஐந்தாம் வகுப்பில் அவன் கையெழுத்து கோழி கிண்டிய குப்பை மாதிரி இருக்கும். அந்தப் பெயரில் சுழி சுழியாக விழுந்திருக்கும் எழுத்து முழுக்க நான் எழுதியது. அவன் பெயரை நான் ஏன் எழுதினேன் என்றால், எங்கள் அய்யாவுக்குப் பொம்பளைப் பிள்ளை படக்கதை படித்தால் ஆகாது. பையன் படித்தால் சரி, பயல் வாசிக்கப் பழகுகிறான் என்று விட்டுவிடுவார். ஆகவே ஒவ்வொரு புத்தகம் வாங்கியதும் முதல் வேலையாக அவன் பெயரை எழுதிவிடுவேன். அய்யா எடுத்துப் பார்த்தால் தம்பியுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வயதில் அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன் என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் உத்தரகோசமங்கைக்கும் கடலாடிக்கும் நடுவில். மிளகாய்க் காடு. களத்தில் காய்ந்த வற்றலுக்குக் காம்பு கிள்ளப் போனால் எனக்கும் கூலி உண்டு. அந்தக் கூலியில்தான் கடலாடி பஸ் ஸ்டாண்ட் கடையில் புத்தகம் வந்தது. கிள்ளிய கையோடு பக்கம் புரட்டுவேன். பிறகு அதே புத்தகத்தைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினால் எரியும். வீடியோவில் என் தம்பி புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய், பழைய காகிதத்தின் வாசம் இருக்கிறதே, அது ஒரு தனி சுகம் என்றான். மடையன். வற்றல் நெடியைக்கூட அடையாளம் தெரியாதவன்.

அவன் ஒரு புத்தகமும் முழுதாகப் படித்ததில்லை. அவனுக்கு வாசிக்க வராது; படம் பார்ப்பான், கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று என்னை அரிப்பான். நான்தான் வாசித்துச் சொல்வேன். எங்கள் அம்மா அந்தப் பக்கம் வந்தால், கால்சட்டைக்கு மேல ஜட்டி போட்டவனைப் பார்த்து என்னடி அம்புட்டு யோசனை என்பாள். யோசனைதான். சண்டை முடிந்து வீட்டுக்குப் போனபின் அந்த உடுப்பை எவன் துவைத்தான் என்று யோசிப்பேன். எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. ரகசியமாகத் துவைத்து, ரகசியமாகக் காயப்போட வேண்டும். ஒரு கொடியில் தொங்கினால் குட்டு உடைந்துவிடும். எங்கள் வீட்டில் மாதாமாதம் நான் ரகசியமாகக் காயப்போட்ட துணிகளை நினைத்துக்கொள்வேன். அந்த வீரனின் கஷ்டம் எனக்குப் புரிந்தது.

இப்போதிருக்கிற ரசிகர் கூட்டத்தை எனக்குக் கண்டாலே ஆகாது. இந்த வீரனும் அந்த வீரனும் மோதினால் யார் ஜெயிப்பான் என்று மீசை நரைத்தவர்கள் மாதக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். புத்தகத்தைப் பாலிதீன் உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டு, பிரிக்காமல் வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பிரிக்காத புத்தகத்துக்கும் செங்கலுக்கும் என்ன வித்தியாசம்? புதுப் படங்கள் இன்னும் மோசம். ஊரே இடிந்து விழுகிறது, ஒருத்தன் வீட்டில் இழவு விழுந்ததாகத் தெரியவில்லை. வீரன் நடுவில் நின்று ஜோக் அடிக்கிறான். நான் பாதியில் தூங்கிவிடுகிறேன். பழைய டிவி தொடர்களில் காசில்லாத பாவத்துக்கு ஒரு பாகத்துக்கு ஒரு குத்துதான் விடுவார்கள். அந்த ஒரு குத்துக்கு வாரம் முழுக்கக் காத்திருந்தோம்.

அந்த டிவி விஷயத்துக்குத்தான் வருகிறேன். மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருடம் அய்யா கறுப்பு வெள்ளை டிவி வாங்கினார். எங்கள் பக்கம் அப்போது இலங்கை டிவிதான் தெரியும். கூரைக்கு மேல் உயரமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டிக் கிழக்கே திருப்பி வைக்க வேண்டும். புழுக்கமான சாயங்காலங்களில் கண்ணாடி போலத் தெரியும். ஆடிக் காற்றில் குழாய் திரும்பிவிட்டால் புள்ளி மழைதான். அதில் ஞாயிறுதோறும் ஒரு முகமூடிக்காரன் தொடர் வந்தது. சுவருக்குள் புகுந்து போகிற சக்தி அவனுக்கு. அவன் புகும்போது அட்டைச் சுவர் ஆடும். பேச்செல்லாம் இங்கிலீஷ். கீழே ஓடுகிற எழுத்து சிங்களம். எங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்த இருபது முப்பது பேரில் இரண்டில் ஒன்றுகூட யாருக்கும் தெரியாது.

எனக்கும் தெரியாது. ஆனால் படக்கதை படித்துப் படித்து, முகத்தைப் பார்த்தே என்ன பேசுவார்கள் என்று ஊகிக்கப் பழகியிருந்தேன். தம்பி கேட்டதால் முதலில் அவன் காதில் சொன்னேன். பின்னால் இருந்தவர்கள் சத்தமாகச் சொல்லு என்றார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்தான் கதைசொல்லி. ஆறாம் வகுப்பில் நாலு இங்கிலீஷ் வார்த்தை படித்தவள் என்பதால் எல்லாரும் நம்பினார்கள். அய்யாகூட வெற்றிலையை மென்றபடி கேட்டார். ஆரம்பத்தில் நேர்மையாக ஊகித்தேன். போகப்போக எனக்கு வேண்டியதைச் சேர்த்தேன்.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் அந்த முகமூடிக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக ரோட்டில் நடந்து போவான். எங்கே போறான் என்று தம்பி கேட்டான். அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், எங்கேயோ தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், ஊர் பெயர் மறந்துவிட்டதால் தேடிப் போகிறான் என்று சொன்னேன். அடுத்தடுத்த வாரங்களில் அந்த அக்காவை வளர்த்தேன். அவனுக்கு முதன்முதலில் முகமூடி தைத்துக் கொடுத்தவள் அவள்தான். உடுப்பைத் துவைத்தவளும் அவளே. எதிரி மாளிகையில் ஒரு போட்டோவில் இருந்த பெண்ணைக் காட்டி, அவள்தான் அக்கா என்றேன். அன்றைக்குத் தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அது மட்டும் நிஜம். அதை நான் மறுக்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனபோது பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் வண்டியில் ஏறின. புத்தகங்களைக் கேட்க வாய் வரவில்லை. புதுப் பெண் படக்கதை மூட்டையோடு போய் இறங்கினால் புகுந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்? பிறந்த வீட்டில் விட்டுவந்தது தம்பிக்கு என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நிலத்துக்கே அதுதான் வழக்கம் எனும்போது படக்கதைக்கு என்ன பஞ்சாயத்து வைப்பது?

அந்த முதல் வீடியோவைப் பார்த்த அன்றே போன் போட்டுத் திட்டியிருப்பேன். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம், தாய்மாமனைப் பகைத்துக்கொண்டு மேடையில் யாரை நிறுத்துவாய் என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாவது வீடியோவில் அவன் அந்த டிவி தொடரைப் பற்றிப் பேசினான். அக்காவைத் தேடிப் போகும் முகமூடிக்காரன் கதையை, ஒரு வரி விடாமல், முகமூடி தைத்தது வரைக்கும் சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தக் காலத்துத் தொடர்களில் இருந்த பாசம் இன்றைக்கு இல்லை என்றான். கீழே ஆயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாற்பது வருடம் கழித்தும் என் கதைக்கு அழ ஆள் இருந்தது.

இரண்டு நாளில் விவரம் தெரிந்த ஒருவர் அந்த வீடியோவின் கீழே வந்தார். அந்தத் தொடரின் எல்லாப் பாகமும் தன்னிடம் இருக்கிறது, அதில் அக்கா என்று ஒரு பாத்திரமே கிடையாது, போட்டோவில் இருப்பது எதிரியின் மனைவி, நீ தொடரைப் பார்த்தாயா இல்லையா என்று கேட்டு எழுதினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். போலி ரசிகன் என்றார்கள்.

அன்று சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். பொங்கலுக்குப் பிறகு அன்றுதான் அவன் குரலைக் கேட்கிறேன். "அக்கா, அந்த முகமூடிக்காரனுக்கு அக்கா உண்டுல்ல? நீ பாத்தேல்ல?" என்றான். அவனோடு வீடியோவில் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"அக்காவும் இல்ல, ஒன்னும் இல்லலே. நாந்தான் கட்டிவிட்டேன்" என்றேன்.

மெதுவாக, எல்லாமா என்று கேட்டான். எல்லாம்தான் என்றேன். நான் அவனைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். அடுத்த வீடியோவில் உண்மையைச் சொல்லச் சொன்னேன். புத்தகம் வாங்கியது அக்கா, வாசித்தது அக்கா, அந்தக் கதையை உண்டாக்கியதும் அக்கா என்று அவன் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும். புத்தகங்களைத் திருப்பித் தர வேண்டாம், நீல விளக்குக்குள்ளேயே இருக்கட்டும்.

"புத்தகத்துல என் பேருல்லக்கா இருக்கு" என்றான்.

எழுதினது யாருலே என்று கேட்டேன். கடைசியில், சொல்றேன்க்கா, சொல்லாம எங்கன போகப் போறேன் என்றான். நான் நம்பினேன். வெள்ளிக்கிழமை வீடியோ வரும் என்றான். வெள்ளிக்கிழமை சீக்கிரம் சமையலை முடித்து, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தலை சீவிக்கொண்டுகூட உட்கார்ந்தேன், என்னை யாரோ பார்க்கப் போகிற மாதிரி.

வீடியோ வந்தது. அதே அலமாரி, வேறு பனியன். கையைக் கூப்பினான். "நண்பர்களே, மன்னிச்சிருங்க. அந்தத் தொடர்ல அக்கான்னு யாரும் கிடையாது. அப்ப எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வீட்ல யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க, சின்னப் பையன், நானும் நம்பிட்டேன்" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, நான் காம்பு கிள்ளி வாங்கிய இன்னொரு புத்தகத்தை எடுத்துக் காட்டத் தொடங்கினான். கீழே ஒருவர், விடுங்க அண்ணே, பட்டிக்காட்டு ஆட்களுக்கு என்ன தெரியும் என்று எழுதியிருந்தார். அதற்கு என் தம்பி இதயம் போட்டிருந்தான்.

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் திரும்ப ஒரு தடவை அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டுக் கேட்டேன். யாரோ என்றுதான் சொல்கிறான்.

அடுத்த வாரம் தாம்பாளத்தில் பத்திரிகை வைத்து அவனை முறைப்படி அழைக்கப் போக வேண்டும். போவேன். மகளுக்கு மாலை எடுத்துக் கொடுக்க அவன் வேண்டும். ஆனால் வாசற்படியில் நின்றே கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவேன். அவன் மனைவி ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பாள். வந்திருப்பது 'வீட்ல யாரோ'தான், அது யாரென்று அவனிடமே கேட்டுக்கொள் என்று சொல்லப் போகிறேன்.